தேவைப்படும் ஏனைய வேலைகள்

வலன்ரைன் பலேர்மோவில் வாழ்ந்த காலத்தின் பெரும்பகுதியை ஒரே கட்டடத்தின் வாசலில் கழித்தவர். பேசாலை என்ற கரையோர ஊரில் பிறந்து, படகு எஞ்சின் திருத்தப் பழகி, இத்தாலிக்கு வந்து, சில வீடுகளில் துப்புரவு வேலை செய்தபின் அவருக்கு அந்தக் காவலாளி வேலை கிடைத்தது. கபோ சந்தைக்குப் பக்கத்திலிருந்த அந்தக் கட்டடத்துக்கு எட்டு மாடிகள். வாசலை ஒட்டிய சிறிய கண்ணாடி அறை அவருடைய வேலையிடம். அதன் பின்கதவைத் திறந்தால் அவருடைய வீடு. ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும், முற்றத்தைப் பார்த்த ஒரு யன்னலும். வேலையோடு வந்த வீடு அது. வேலை போனால் வீட்டையும் விட்டுவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது.

அதே ஒப்பந்தத்தில் அவருடைய கடமைகளும் இருந்தன. வாசலைக் கவனிப்பது, படிக்கட்டைக் கழுவுவது, கடிதங்களைப் பிரித்துக் கொடுப்பது. கடைசியாக, 'தேவைப்படும் ஏனைய வேலைகள்'. கையெழுத்து வைத்த காலத்தில் அவருக்கு வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க ஒரு ஒப்பந்தம் அவசரமாக வேண்டியிருந்தது. அந்தக் கடைசி வரியை அவர் யோசிக்கவேயில்லை.

யோசிக்கவேண்டிய வரி அதுதான் என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. தண்ணீர் விட்டு விட்டு வரும் கோடைகாலங்களில் மேல்மாடிக் குடும்பங்களுக்குப் போத்தல் தண்ணீரை அவர் தோளில் ஏற்றினார். மூன்றாம் மாடிப் பூனையைக் குழாயிலிருந்து இறக்கினார். யாரோ ஒருவருடைய தாய்க்கு மருந்துக் கடைக்கு ஓடினார். கட்டடத்தின் நிர்வாகி ஸ்பதாரோ, "உனக்கும் வசதி, எல்லாருக்கும் வசதி" என்று சொல்லி அவருடைய குசினிச் சுவரில் ஒரு மணியைப் பூட்டினார். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் அவருடையதாக இருக்கவில்லை. ஒரு உயிர்த்த ஞாயிறன்று மனைவி றோஸ்மேரி சேலை கட்டிக்கொண்டு பூசைக்குப் புறப்பட்டு நிற்கையில் மணி அடித்தது. ஐந்தாம் மாடியில் ஒருவருக்கு மேசை நகர்த்த வேண்டியிருந்தது. றோஸ்மேரி தனியாகவே கோவிலுக்குப் போனார்.

"ஏலாது எண்டு ஒருநாளெண்டாலும் சொல்லுங்கோவன்" என்று றோஸ்மேரி கேட்பார்.

"என்னத்தைக் காட்டிச் சொல்ல?" என்பார் வலன்ரைன். மறுப்பதற்கு ஒரு எல்லை வேண்டும். அவருக்கு எங்கே எல்லை என்றே தெரியவில்லை.

ஆபிரிக்காவிலிருந்து வெக்கைக் காற்று அடித்த ஓர் ஆகஸ்ட் மத்தியானம் மின்சாரம் நின்றது. நகரத்தைச் சுற்றியிருந்த மலைகளில் காடு எரிந்துகொண்டிருந்தது. நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிப்ற் நின்றுவிட்டது. உள்ளே சிஞ்ஞோரா அதேலே இருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர், இருதய நோயாளி, தனியாக வாழ்பவர்.

வலன்ரைன் லிப்ற் நிறுவனத்துக்கு அழைத்தார். திருத்துபவர் பக்கத்து ஊரான பகேரியாவில் இன்னொரு வேலையில் நிற்கிறார், வரப் பிந்தும் என்றார்கள். தீயணைப்புப் படைக்கு அழைத்தார். எல்லா வண்டிகளும் மலைப்பக்கம் போய்விட்டன என்றார்கள். அதற்குள் சிஞ்ஞோராவின் குரல் மெலிந்துகொண்டு போனது. முதலில் சத்தமாகக் கூப்பிட்டவர் பிறகு "காற்று இல்லை, காற்று இல்லை" என்று மட்டும் முனகினார். வலன்ரைன் நிர்வாகிக்கு அழைத்தார்.

"ஏதாவது செய், வலன்ரினோ!" என்றார் ஸ்பதாரோ.

"மேலை மெஷின் அறைக்குப் போய்க் கையாலை இறக்கட்டா?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. ஏதாவது செய் எண்டுதான் சொன்னனான்." தொலைபேசி துண்டிக்கப்பட்டது.

திருத்துபவர் அந்த வேலையைச் செய்யும்போது வலன்ரைன் பலமுறை பக்கத்தில் நின்று ரோச் லைற் பிடித்திருக்கிறார். ஆனாலும் தன் கையால் ஒருநாளும் செய்ததில்லை. வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த றோஸ்மேரியிடம் லிப்ற் கதவின் அவசரத் திறப்பைக் கொடுத்து நான்காம் மாடியில் நிறுத்திவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினார். மின்சாரம் திடீரென்று வந்தாலும் லிப்ற் ஓடாதபடி பிரதான ஆளியை நிறுத்தினார். பிறேக்கைத் தளர்த்தி, லிப்றை இறக்கும் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினார்.  படிக்கட்டுக் குழிக்குள்ளால் றோஸ்மேரியின் குரல் ஏறி வந்தது.

"இன்னும்... இன்னும் கொஞ்சம்... காணும்! நிப்பாட்டுங்கோ!"

அவர் இறங்கி வருவதற்குள் றோஸ்மேரி அவசரத் திறப்பால் கதவைத் திறந்துவிட்டார். லிப்ற் பெட்டி தரையோடு சரியாகப் பொருந்தவில்லை. ஒரு சாண் உயரத்தில் நின்றது. றோஸ்மேரி கை நீட்டுவதற்கு முன்பே சிஞ்ஞோரா அதேலே காற்றுக்குத் தவித்து வெளியே கால் வைத்தார். கால் தவறி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

முதல் சில நாட்கள் எல்லோரும் வலன்ரைனைக் கட்டிப்பிடித்தார்கள். ஆறாம் மாடியிலிருந்து ஒரு கேக் வந்தது. பிறகு சிஞ்ஞோராவின் மருமகன் முறையான ஒருவர் வந்து கட்டடத்திடம் நட்டஈடு கேட்டார். காப்புறுதி நிறுவனம், பயிற்சி இல்லாத ஆள் இயந்திரத்தைத் தொட்டதால் பணம் தரமுடியாது என்றது. கேக் தந்த வீட்டார் வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். ஸ்பதாரோ கண்ணாடி அறைக்கு வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். வலன்ரைன் தன் பணியின் எல்லையைத் தாண்டித் தலையிட்டார், வேலையிலிருந்து நிறுத்துவது பற்றி யோசிக்கப்படும் என்று அதில் இருந்தது.

"நீங்கள்தானே ஏதாவது செய்யச் சொன்னீங்கள்?"

"நான் என்ன சொன்னனான் எண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டைப் பற்றியும் யோசிச்சு வை" என்று சொல்லிவிட்டு ஸ்பதாரோ போய்விட்டார்.

அன்று வலன்ரைன் சோற்றுக்கு முன்னால் இருந்து கணக்குப் பார்த்தார். வேலை போனால் வீடு இல்லை. வீடு இல்லாவிட்டால் விலாசம் இல்லை. விலாசமும் வேலையும் இல்லாமல் பெர்மெஸ்ஸோ எப்படி? சுவரிலிருந்த மணி வழக்கம்போல அடித்துக்கொண்டிருந்தது. அவர் வழக்கம்போல எழுந்து போனார்.

புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சங்க அலுவலகம் இருந்தது. அங்கே துசானி என்ற பெண் வேலை செய்தாள். பலேர்மோவிலேயே பிறந்தவள், யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் மகள். வலன்ரைனின் ஒப்பந்தத்தை வாசித்துவிட்டுக் கேட்டாள்.

"அங்கிள், பூனை இறக்கிறது உங்கட வேலையோ?"

"கேட்டா செய்யிறனான், பிள்ளை."

"லிப்ற் இறக்கிறது?"

"அதுவும் கேட்டவைதானே."

"கேட்டது எண்டு இப்ப ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டினம். இந்தக் கடைசி வரிக்கு எல்லையே இல்லை எண்டு நீங்கள் நினைச்சிருக்கிறீங்கள். எல்லை இருக்கு, அங்கிள். அதை அவை ஒவ்வொரு நாளும் தங்கட வசதிக்குக் கீறினவை. தண்ணி தூக்கேக்கை கோடு அங்காலை. கை முறிஞ்சா கோடு இஞ்சாலை." அவள் பேனாவை வைத்தாள். "கடிதத்துக்கு நான் பதில் எழுதுறன். ஆனா உங்கட ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதாமல் இது முடியாது."

செப்டெம்பரில் கட்டட உரிமையாளர்களின் கூட்டம் வாசற்கூடத்தில் நடந்தது. தன்னைப் பற்றி முடிவெடுக்க வந்தவர்களுக்குக் கதிரைகளை வரிசையாகப் போட்டவரும் வலன்ரைன்தான். துசானி சங்கத்தின் சார்பில் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். சிஞ்ஞோரா அதேலே கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். அவருக்காக மருமகனே எல்லாம் கதைத்தார். சிஞ்ஞோரா ஒருமுறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த மௌனம் கடிதத்தைவிட வலன்ரைனுக்கு நோவாக இருந்தது.

நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு ஸ்பதாரோ ஒரு வழி சொன்னார். வலன்ரைன் லிப்ற் மீட்புப் பயிற்சி எடுக்கலாம், அதற்குச் சிறு கொடுப்பனவும் தரலாம். ஆனால் இரவும் பகலும் கட்டடத்திலேயே இருக்க வேண்டும். அது முடியாவிட்டால் லிப்றைத் தொடவே கூடாது.

இந்தப் பேச்சு வரும் என்று வலன்ரைனும் றோஸ்மேரியும் முன்பே ஊகித்திருந்தார்கள். கூட்டத்துக்கு முதல்நாள் றோஸ்மேரி தெளிவாகச் சொல்லியிருந்தார்: "எந்த நேரமும் இதுக்குள்ளையே இருக்கோணுமெண்டா அது வேலையில்லை. சிறை."

வலன்ரைன் எழுந்தார். அத்தனை பேர் முன்னிலையில் அவர் இத்தாலிய மொழியில் அவ்வளவு நேரம் கதைத்தது அதுவே முதல்தடவை.

"எது என்ர வேலை, எது இல்லை எண்டு எழுதித் தாங்கோ. எத்தனை மணி தொடக்கம் எத்தனை மணி வரைக்கும் எண்டும் எழுதுங்கோ. எழுதினதை ஒழுங்காச் செய்வன். லிப்ற் எனக்கு வேண்டாம்."

அப்படியே எழுதினார்கள். கடைசி வரி நீக்கப்பட்டது. ஒரு சண்டை வழக்காக வளர்வதை உரிமையாளர்களும் விரும்பவில்லை, அதனால் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. மெஷின் அறையின் திறப்பையும் அவசரத் திறப்பையும் ஸ்பதாரோ வாங்கிக்கொண்டார். குசினி மணியின் கம்பி வெட்டப்பட்டது.

அடுத்த ஞாயிறு பூசை முடிய இருவரும் மொன்தெல்லோ கடற்கரைக்குப் போய் மாலைவரை இருந்தார்கள். அந்த மகிழ்ச்சி சில வாரங்கள்தான். வீட்டுக்காரர்கள் இப்போது அவரைக் கடக்கும்போது, "இதைக் கேட்கலாமோ? உன்ர பேப்பரில இருக்கோ?" என்று சிரித்தார்கள். ஒரு வயோதிபர் தண்ணீர்ப் போத்தல்களோடு படியேறும்போது உதவிக்குப் போகவும் பயமாக இருந்தது. போனால் கோடு மறுபடியும் அழிந்துவிடும். போகாவிட்டால் அவருக்குத் தன்னையே பிடிக்கவில்லை. முன்பு எல்லை இல்லாமல் திணறியவர் இப்போது எல்லைக்குள் நின்று திணறினார்.

பெப்ரவரியில் ஒரு மாலை, அவருடைய வேலை நேரம் முடிந்தபிறகு, லிப்றின் அபாய ஒலி கேட்டது. மீன்குழம்புச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுச் செருப்போடு ஓடினார். இரண்டாம் மாடிக்குச் சற்று மேலே பெட்டி நின்றிருந்தது.

"ஆர் உள்ளுக்கு?"

"நான்தான், அதேலே. வலன்ரினோ, நீரோ?"

அவர் நிறுவனத்துக்கு அழைத்தார். ஆள் வருகிறார் என்றார்கள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இயந்திரத்தை என்ன செய்ய வேண்டும் என்று கைகளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் திறப்பு ஸ்பதாரோவிடம். திறப்பு இருந்திருந்தாலும் போயிருப்பாரா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவரை வெட்கப்படுத்தியது.

"சிஞ்ஞோரா, என்னாலை இறக்க ஏலாது. அப்பிடித்தான் எழுதியிருக்கு."

"தெரியும். நானும் அந்தக் கூட்டத்திலை இருந்தனான்தானே."  உள்ளிருந்து கதவில் மெல்லத் தட்டுவது கேட்டது. "போயிட மாட்டீரே?"

"இல்லை. படியிலை இருக்கிறன்."

அவர் படியில் இருந்தார். றோஸ்மேரியும் வந்து பக்கத்தில் இருந்தார். நிலத்தில் உட்கார்ந்து மெதுவாக மூச்செடுக்கும்படி றோஸ்மேரி கதவுக்கூடாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சமைத்தீர்கள் என்று சிஞ்ஞோரா கேட்டார். மீன்குழம்பு என்றதும், என்ன மீன், புளிக்கு என்ன போடுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பயத்தில் கேட்கிறார் என்று இருவருக்கும் விளங்கியது. றோஸ்மேரி ஒரு பதிலையும் சுருக்காமல் சொன்னார். இடையில் சிஞ்ஞோரா அழுதார்.

"அண்டைக்கு நான் வாய் திறந்திருக்கோணும், வலன்ரினோ. மருமகன் பேசாமல் இரு எண்டான். இருந்திட்டன்."

வலன்ரைன் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார்.

திருத்துபவர் வந்து பெட்டியை இறக்கியபோது சிஞ்ஞோரா அதேலே றோஸ்மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மறுநாளே நிர்வாகியிடம் தானாகப் போனார். அடுத்த கூட்டத்தில் மருமகனைப் பேச விடாமல் எழுந்து, ஆகஸ்டில் தன் உயிரைக் காத்தது யார் என்று சொன்னார். நட்டஈட்டுக் கோரிக்கையையும் விலக்கிக்கொண்டார். புதிதாக ஒரு ஏற்பாடு வந்தது. வலன்ரைனின் பயிற்சிக்குக் கட்டடம் செலவு செய்யும். வேலை நேரத்துக்குள் மட்டும், இன்னொரு ஆள் துணையாக நின்றால் மட்டும், அவர் லிப்றை இறக்கலாம். மற்ற நேரங்களில் விரைந்து வருவது நிறுவனத்தின் பொறுப்பு. அதை அவர்களுடைய ஒப்பந்தத்திலும் சேர்த்தார்கள். துசானி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லக் கேட்டபிறகே வலன்ரைன் கையெழுத்து வைத்தார்.

ஆனால் வீட்டைப் பற்றிய வரி மாறவில்லை. வேலை நேரம் முடிந்தபிறகும் அந்தக் குசினியில் இருந்தால் லிப்றின் ஒவ்வொரு ஓசையும் கேட்கிறது. அது மாடிகளுக்கு நடுவே கொஞ்சம் தயங்கினாலும் வலன்ரைன் சாப்பாட்டுக் கையோடு நிமிர்ந்துவிடுகிறார்.

"இதுக்குள்ளை இருக்கும்வரைக்கும் உங்களுக்கு வேலை முடியாது" என்றார் றோஸ்மேரி. "வேறை வீடு பாப்பம்."

பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தொலைபேசியில் வெளிநாட்டுக் குடும்பப் பெயரைக் கேட்டதும் பலர் வீடு கொடுத்தாயிற்று என்று வைத்துவிடுகிறார்கள். பல்லரோ சந்தைக்குப் பின்னாலுள்ள ஒரு சந்தில் ஒரு கிழவர் மட்டும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு அறைகள், தெருவைப் பார்த்த ஒரு பல்கனி. றோஸ்மேரி பல்கனியில் நின்று கீழே மரக்கறிக்காரர்கள் கூவுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது இருப்பவர்கள் இன்னும் போகவில்லை, நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு பார்க்கலாம் என்றார் கிழவர். சரி என்று சொல்லிவிட்டு இருவரும் இறங்கினார்கள். பிற்பகல் வேலைக்குக் கட்டட வாசலைத் திறக்க நேரமாகிவிட்டதால் வலன்ரைன் வேகமாக முன்னால் நடந்தார்.