உதடு மூடாத சொல்

ஒரு வெள்ளைக்காரர் பாலைவனத்தின் நடுவில் தனியாக நின்று தேளைப் பிடித்துத் தின்கிறார். தொலைக்காட்சியில் இதைப் பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், அல்லது கைதட்டுவார்கள். சேலையூர் ஞானசௌந்தரி டீச்சர் இரண்டையும் செய்வதில்லை. "தனியா இருக்கார்னா, படம் எடுக்கிறது யாரு?" என்று கேட்பாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வெள்ளைக்காரருக்குத் தமிழ் எழுதிக் கொடுப்பதே அவள்தான்.

தாம்பரத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவள். நெரிசலான வகுப்புகளில், விமானப் படைத்தளத்தின் பயிற்சி விமானங்களோடு போட்டி போட்டுக் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. இனி பாடம் நடத்தினால் பேச்சே நின்றுவிடும் என்று மருத்துவர் சொல்ல, வேலையை விட்டாள். இப்போது அவள் குரல் காய்ந்த சருகைத் தேய்த்தாற்போல இருக்கும். பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்.

பள்ளியில் அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'நீ பாத்தியா டீச்சர்'. யார் எதைச் சொன்னாலும் "நீ பாத்தியா?" என்றுதான் கேட்பாள். வயிற்றுவலி என்று விடுப்புக் கேட்டவனிடமும் அதே கேள்வி. மூலையில் பாம்பு என்று அலறியவளிடமும் அதே கேள்வி. ஞாயிற்றுக்கிழமை சபை ஜெபத்தில், கடவுள் தனக்குச் செய்ததை யாராவது சாட்சியாகச் சொல்ல எழுந்தால், மற்றவர்கள் கண்ணை மூடுவார்கள். அவள் சொல்கிறவரின் கண்ணைப் பார்ப்பாள். விசுவாசம் குறைவு என்று சிலர் முணுமுணுத்தார்கள். விசுவாசம் இருப்பதால்தான் கண்டதையும் நம்பி அதைச் செலவழிக்க மனமில்லை என்பது அவள் கட்சி.

டப்பிங் வேலை தற்செயலாக வந்தது. குரோம்பேட்டை ராதா நகர்ப் பக்கம் ஒரு வீட்டின் மாடியில் சின்ன ஒலிப்பதிவுக்கூடம். நடத்துகிறவர் ஷ்யாம்சுந்தர். வெளிநாட்டு நிகழ்ச்சிகளைத் தமிழில் மாற்றிச் சேனலுக்குக் கொடுப்பது அவர் தொழில். 'உயிரோடு திரும்பு' என்ற நிகழ்ச்சிக்கு உதட்டசைவு பார்த்து வசனம் எழுத ஆள் வேண்டும் என்றார். காட்டிலும் பனியிலும் போய் மாட்டிக்கொண்டு, கிடைத்ததைத் தின்று, உயிர் தப்பி வரும் மார்க்கஸ் என்பவரின் நிகழ்ச்சி அது. கூடத்தில் எல்லோரும் அவரைப் 'புழு சார்' என்பார்கள்.

புழு சாரின் தமிழ்க் குரல் லாசரஸ். பல்லாவரத்துக்காரன். ஓட்டக் காட்சி என்றால் மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டு வந்து மைக்கின் முன் மூச்சு வாங்குவான். புழு தின்கிற காட்சி என்றால் தண்ணீரில் ஊறிய பன்னை மென்றுகொண்டே பேசுவான்.

"புழு சார் புழு தின்னாரோ இல்லையோ, நான் நாலு வருஷமா ஈரப் பன் தின்னுட்டு இருக்கேன் அக்கா. எனக்குத்தான் விருது குடுக்கணும்."

"அவர் தின்னதை நீ பாத்தியா?"

"ஸ்கிரீன்ல பாத்தேன்."

"வாயில போடறதைப் பாத்த. முழுங்கினதைப் பாத்தியா? அதுக்குள்ள வேற காட்சிக்கு மாறிடுது."

லாசரஸ் சிரித்துவிடுவான். அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. மைக்கை அணைத்ததும் வசனத்தோடு ஓர் 'ஆம்' சேர்த்துக்கொள்வார்கள். "மூணு நாளா தண்ணியே குடிக்கலையாம்." "கரடி வந்துடுச்சாம்." "தனியா இருக்காராம்." அந்த இரண்டெழுத்தை ஒட்டிவிட்டால் போதும், பாலைவனம் முழுவதும் அட்டைப் பெட்டியாகிவிடும்.

ஆனாலும் அந்த வேலையை அவள் விரும்பினாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தன் வாயால் பக்கத்து வீட்டைக்கூடக் கூப்பிட முடியாதவளின் சொற்கள், லாசரஸின் வெண்கலத் தொண்டை வழியாக ஊரெல்லாம் கேட்டன. கேம்ப் ரோட்டில் காய் வாங்கும்போது கடைக்காரர் புழு சாரின் வசனத்தைச் சொல்லி முருங்கைக்காயை எடைத்தட்டில் போடுவார். அது தன் வாக்கியம் என்று அவரிடம் அவள் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அன்றைக்குப் பேரம் பேச மாட்டாள்.

புழு சாருக்கு எழுதுவதில் ஒரு சங்கடம் இருந்தது. அவர் பேச்சுக்குப் பேச்சு "வீ" என்பார். ஆங்கிலத்தில் அது போதும். தமிழில் எழுதும் கை அங்கே நின்றுவிடும். நாமா, நாங்களா? "இன்னிக்கு ராத்திரி நாம இங்கதான் தூங்கப்போறோம்" என்றால், சோபாவில் உட்கார்ந்திருக்கும் உங்களையும் சேர்த்துக்கொள்கிறார். "நாங்க இங்கதான் தூங்கப்போறோம்" என்றால், கேமராவுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த 'ம' 'ங்க'வாக மாறினால் தனிமை கலைந்து, ஒரு கூட்டமே டார்ச்சோடு வந்து நிற்கும்.

ஷ்யாம்சுந்தர் முதல் நாளே சொல்லிவிட்டார். "எப்பவும் நாமதான் மேடம். ஹிந்தில ரெண்டுக்கும் ஹம்னு போயிடறாங்க, அவங்களுக்குத் தலைவலி இல்ல. தெலுங்குலயும் நம்ம மாதிரி ரெண்டு இருக்கு. அவங்க நம்ம 'நாம'வுக்குச் சமமா மனம்னு போட்டுட்டாங்க. பாக்கறவங்களைக் கூடவே கூட்டிட்டுப் போகணும். அதான் ஷோ."

அவளும் அப்படியே எழுதினாள். பொய் என்று சந்தேகப்பட்டுக்கொண்டே எழுதினாள். பொய் சொல்கிறவர் அவர், நான் எழுதுகிறவள் மட்டுமே என்று ஒரு சமாதானம் வைத்திருந்தாள். அந்தச் சமாதானத்தின் மேலும் அவளுக்குச் சந்தேகம் இருந்தது.

கடந்த மழைக்காலத்தில், அந்த ஆண்டுத் தொடரின் கடைசிப் பகுதி வந்தது. மலையிடுக்கில் ஓர் ஆறு. புழு சார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடக்கிறார். வீட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பிங்குக்கு என்று, பேச்சை நீக்கிவிட்டுத் தண்ணீர், காற்று, காலடி ஓசைகளை மட்டும் தனியாக ஓர் ஒலித்தடத்தில் அனுப்புவார்கள். அதில் இசையும் சேராத இடம் அது. தண்ணீர் இரைச்சலுக்கு நடுவே, படத்தில் இல்லாத ஓர் ஆளின் அலறல் கேட்டது. சின்ன அலறல். பிறகு இல்லை.

அவள் மறுபடி ஓடவிட்டாள். மூல ஆங்கிலப் படத்தில் அந்த இடத்தில் முரசு அடித்து அமுக்கியிருந்தார்கள். இங்கே அமுக்க மறந்திருக்கிறார்கள்.

அடுத்து புழு சாரின் முகம், மிக அருகில். "வீ மஸ்ட் மூவ். நவ்." வழக்கமாக "வீ" என்னும்போது அவர் நேராக லென்ஸைப் பார்ப்பார்; பார்க்கிறவர் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டாற்போல. இப்போது அவர் கண் லென்ஸுக்குப் பக்கத்தில், சற்றுக் கீழே எங்கோ இருந்தது. அங்கே யாரோ விழுந்து கிடக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த காட்சிகளில் கேமராவின் நடுக்கமே வேறாக இருந்தது. படம் எடுப்பது வேறு கை.

முதலில் அவள் இதையும் நம்பவில்லை. அலறலும் ஏற்பாடாக இருக்கலாமே? வெகுநேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். நடிப்பாக இருந்தால் காட்டியிருப்பார்கள். காட்டுவதற்குத்தானே நடிப்பு? மறைத்திருக்கிறார்கள் என்றால் அது நடந்திருக்கிறது. நான்கு வருடத்தில் அந்த மனிதர் சொன்ன எல்லாவற்றிலும் இந்த ஒரு "வீ" மட்டும் மெய். யாரும் பார்க்கக் கூடாது என்று மூடிவைத்த இடத்தில்தான் அது இருந்தது.

அவள் எழுதினாள்: 'நாங்க போயே ஆகணும். இப்பவே.'

ஒலிப்பதிவு அன்று ஷ்யாம்சுந்தர் பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாங்கன்னா யாரு மேடம்? அவர்தான் தனியா இருக்காரே."

"அதைத்தான் நானும் நாலு வருஷமா கேக்கறேன்."

"காமெடி பண்ணாதீங்க."

அவள் அந்த ஒலித்தடத்தைப் போட்டுக் காட்டினாள். அலறல் வந்தது. ஷ்யாம்சுந்தர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் இல்லை.

"பாவம்தான்," என்றார். "ஆனா நமக்கு இதைக் கேக்கச் சொல்லி அனுப்பல. சரி, அதை விடுங்க. உதட்டைப் பாருங்க. 'வீ மஸ்ட்'ல 'ம'வுக்கு உதடு மூடுது. க்ளோசப் வேற. 'நாம'ன்னா அச்சு மாதிரி உக்காருது. 'நாங்க'ன்னா வாய் தொறந்தே இருக்கும். ஆறாவது படிக்கிறவனுக்குக்கூடத் தெரியும் உதடும் பேச்சும் சிங்க் இல்லன்னு."

அது உண்மைதான். அவளும் வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்திருந்தாள். பொய்யான சொல் அந்த உதட்டில் கச்சிதமாகப் பொருந்தியது. மெய்யான சொல் பிதுங்கி நின்றது.

"அப்போ ரெண்டும் வேணாம்," என்று ஷ்யாம்சுந்தர் இறங்கி வந்தார். "தமிழ்ல அந்த வசதி இருக்கே. 'மு'ல ஆரம்பிங்க, உதடும் மூடும். 'முன்னாடி போயே ஆகணும்.' யாரு போகணும்னே சொல்ல வேணாம். அடுத்த சீசனுக்கும் உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன் மேடம். ஒரு வார்த்தைக்காகக் கெடுத்துக்காதீங்க."

அவள் தயங்கினாள். நல்ல யோசனை. பொய்யில்லை, வம்பில்லை. எத்தனையோ வருடம் அவளே அந்த வசதியில் குடியிருந்திருக்கிறாள். எழுவாயை எடுத்துவிட்டால் வாக்கியத்துக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் அந்த எழுவாய்க்குள்தானே அந்த ஆள் விழுந்து கிடக்கிறான்? வெளிநாட்டுக்காரர்கள் அவனைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். முரசு அவனை ஒலியிலிருந்து எடுத்துவிட்டது. இனித் தமிழிலிருந்தும் எடுக்க வேண்டும்.

"இல்ல சார். நாங்கதான்."

மைக்கின் முன்னால் நின்ற லாசரஸுக்கும் அந்த அலறல் கேட்டிருந்தது. அன்று அவன் மாடிப்படி ஏறி இறங்கவில்லை. வரியைச் சொன்னான். தூரத்தில் மின்சார ரயில் ஒன்று ஹாரன் அடித்தது. ஆனாலும் யாரும் 'கட்' சொல்லவில்லை. "சிங்க் இல்ல," என்று மட்டும் ஷ்யாம்சுந்தர் சொன்னார். சொல்லிவிட்டு அப்படியே வைத்துக்கொண்டார்.

சேனல் வைத்துக்கொள்ளவில்லை. சில நாளில் லாசரஸ் ஃபோன் செய்தான்.

"அக்கா, அந்த ஒரு லைனை மட்டும் திருப்பிப் பேசச் சொல்றாங்க. 'நாம'ன்னு. உங்ககிட்ட கேக்காம போக மனசு வரல."

அவள் ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பேசலைன்னா?"

"வேற குரல் பாத்துக்குவாங்களாம்."

இந்த 'ஆம்' விளையாட்டில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

"போய்ப் பேசிட்டு வா லாசரஸ். குரல் உன்னோடது. வார்த்தை மட்டும் என்னோடது இல்லன்னு அவங்ககிட்ட சொல்லிடு."

"சொன்னா அடுத்த சீசன்..."

"தெரியும். சொல்லிடு."

அவன் சொன்னான். கூட்டியும் குறைத்தும் சொல்லாமல், சொன்னதைச் சொன்னான் என்று பிற்பாடு ஷ்யாம்சுந்தரே கூப்பிட்டு வருத்தப்பட்டார். அடுத்த ஆண்டுத் தொடருக்கு வசனம் எழுத வேறு ஆளைப் பார்த்துவிட்டார்களாம்.

அந்தப் பகுதி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை, கீழ்வீட்டு ஸ்ரீரங்கன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மறைமலை நகரில் கார்த் தொழிற்சாலையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் போய், வாசல் கேட்டைத் தாண்டியே பல மாதமாகிறது. புழு சார் என்றால் உயிர். டீச்சரை நடு நாற்காலியில் உட்கார்த்தி வைத்து, காபி கொடுத்து, ஒலியைக் கூட்டினார்.

ஆறு வந்தது. கயிறு வந்தது. முரசு அடித்தது. அலறல் இல்லை. புழு சாரின் முகம் அருகில் வந்தது. லென்ஸுக்குப் பக்கத்தில், சற்றுக் கீழே பார்த்தது.

"நாம போயே ஆகணும். இப்பவே."

உதடு அச்சுப் போல மூடித் திறந்தது. லாசரஸ் நன்றாகத்தான் பேசியிருந்தான். டீச்சர் ஓரக்கண்ணால் ஸ்ரீரங்கனைப் பார்த்தாள். பரிகசிக்கத் தயாராகத்தான் பார்த்தாள். கிழவரின் இரண்டு கால்களும் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் ஊன்றியிருந்தன. நாற்காலிக் கையைப் பிடித்து முன்னால் சாய்ந்து, "போகலாம், போகலாம்," என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். இந்தக் கிழவரை ஆற்றங்கரைவரை கூட்டிப்போனது ஒரு பொய். அவள் எழுதிய 'நாங்க' இவரை இந்தக் கூடத்திலேயே விட்டுவிட்டுப் போயிருக்கும். அதற்காக அது பொய்யில்லாமல் போய்விடுமா? போகாது என்றுதான் நினைத்தாள். ஆனால் அப்படி நினைக்கிற தன்னையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தாள். விழுந்தவனுக்காகத்தான் பிடிவாதம் பிடித்தேனா, இல்லை நான்கு வருடமாக வேவு பார்த்த ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்திலா?

நிகழ்ச்சி முடிந்தது. ஸ்ரீரங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தேளா டீச்சர், 'நாம'ன்னார் பாருங்கோ. தனியாளா நின்னுண்டு, என்னையும் சேத்துண்டு 'நாம'ங்கறார். இப்படி எழுத உங்களாலதான் முடியும்."

"அது நான் எழுதினது இல்ல சார்."

"சும்மா இருங்கோ. தன்னடக்கமாக்கும்!"

"நிஜமாவே நான் எழுதல. நான் வேற எழுதியிருந்தேன்."

அவர் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மறுபடி ஸ்டூலில் வைத்தார். அவள் காபித் தம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"சரி, அடுத்த சீசன் எங்க போறோம்? அதையாவது சொல்லுங்கோ."

"நான் வரல சார்," என்றாள் டீச்சர், அவருக்குக் கேட்க வேண்டுமே என்று பக்கத்தில் குனிந்து. "நீங்க போயிட்டு வாங்க."