தேய்ந்த காசா, அழுந்தாத காசா?

நான் ஒரு காசைத் தப்பாகப் பார்த்தேன். அதனால் ஒரு பெண்ணுக்குத் திருட்டுப் பட்டம் கிடைத்தது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விருத்தாசலத்தில் என்னைக் 'காசு சார்' என்றால்தான் தெரியும். பழைய நாணயம் சேர்ப்பவன்; காசுகளைப் பற்றி இந்தப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன். யார் வீட்டுப் பெட்டியில் எது கிடைத்தாலும் என்னிடம் வரும். நானும் லென்ஸை மாட்டிக்கொண்டு பெரிய டாக்டர் மாதிரி பார்ப்பேன்.

மூன்று மாதத்துக்கு முன் அந்தோணி என்னை அழைத்தார். அவர் அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை. அப்பா ரயில்வேயில் இருந்தவர். ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் இரண்டு வைத்திருந்தார். ஒரே வருஷத்துக் காசுகள். "ரெண்டும் கைபடாத காசு" – அதாவது புழக்கத்துக்கே போகாதது – என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாராம். ஒன்றை எப்போதோ மகனுக்குக் கொடுத்துவிட்டார். இன்னொன்று கடைசிவரை அவர் பெட்டியில். அந்தப் பெட்டி இருந்தது மகள் பிலோமினா வீட்டில். படுத்த படுக்கையாக இருந்தவரை நாலு வருஷம் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

சர்ச் வாசலில் சொந்தக்காரர்கள் சூழ்ந்து நிற்க, அந்தோணி இரண்டையும் என் கையில் வைத்தார். அவருடைய காசில் ராணியின் தலைமுடி இழை இழையாக இருந்தது. பளபளப்பு வேறு! பெட்டியில் இருந்த காசில் காதுக்கு மேலே முடியே இல்லை. மழமழ.

"இது நல்லா தேஞ்சிருக்குதே..." என்றேன்.

அவ்வளவுதான்.

"கேட்டுக்குங்க எல்லாரும்! அப்பா படுத்துக் கெடக்கும்போதே அவரு காசை வித்துட்டு, தேஞ்ச காசு ஒண்ணை உள்ள வச்சிருக்கா. பாத்துக்கிட்ட லட்சணம் இதான்!" என்று அந்தோணி கத்தினார்.

மறுநாள் காலை பிலோமினா என் வீட்டு வாசலில் நின்றார். அழவில்லை. கோபம்.

"சார், தேஞ்சிருக்குதுன்னு எதை வச்சு சொன்னீங்க?"

"முடி தெரியலையேம்மா."

"தெரியலன்னா தேஞ்சதுன்னு அர்த்தமா? பன்னெண்டு வருஷமா பீங்கான் கம்பெனியில பிரஸ்ஸு ஓட்டுறேன். ஃபியூஸ் கட்டையில எழுத்து சரியா விழலன்னா, 'தேஞ்சுபோச்சு'ன்னா சொல்லுவோம்? 'அழுத்தம் பத்தல'ன்னுதான் சொல்லுவோம். காசும் அச்சுல அழுத்துறதுதானே?"

சுருக்கென்றது. அவர் கொண்டுவந்திருந்த காசை ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினேன். வெள்ளியின் மினுமினுப்பு வட்டமாக ஓடி, அந்த முடியில்லாத இடத்தின் மேலேயும் அறுபடாமல் போனது. தேய்ந்த காசு என்றால் மினுமினுப்பு முதலில் சாவது அங்கேதான். இது அடிப்படைப் பாடம். இதே பத்தியில் ஒருமுறை எழுதியும் இருக்கிறேன்!

அச்சு முழு பலத்தோடு இறங்காவிட்டால் மேடான பகுதிகள் சரியாக நிரம்பாது. அந்தக் காசு பிறக்கும்போதே மழுங்கல். காசு எப்படி அழுந்தியிருக்கிறது என்பதை, கிரேடிங் செய்பவர்கள் – அதாவது காசின் தரத்துக்கு மார்க் போடுபவர்கள் – 'ஸ்ட்ரைக்' என்பார்கள். ஸ்ட்ரைக் சுமார் என்றால் மார்க் உச்சிக்குப் போகாது. அதற்காக அது புழங்கிய காசு ஆகிவிடுமா?

"நானே போய் அண்ணன்கிட்ட சொல்றேம்மா."

"நீங்க சொன்னா, நான் டீ வாங்கிக் குடுத்து உங்களை மாத்திட்டேன்னு சொல்லுவாரு. எனக்கு எழுத்துல வேணும் சார்."

காசை கிரேடிங் கம்பெனிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தேன். அந்தோணிக்கு ஒரே சிரிப்பு. "என்னுதையும் சேத்தே அனுப்புங்க. எது அப்பா காசுன்னு ஊருக்கே தெரியட்டும்!"

இரண்டு மாதம். சொந்தக்காரர்கள் பிலோமினாவைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். அவரோ ஞாயிறு தவறாமல் சர்ச்சில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். கொஞ்சம் பின்னால் உட்காரலாமே என்று ஒரு அத்தை சொல்லியிருக்கிறார். "நான் எதுக்குப் பின்னாடி போவணும்?"

போன வாரம் காசுகள் வந்தன. சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள், லேபிளோடு.

பிலோமினாவின் காசு – எம்.எஸ். 62. எழுபதுக்குப் போடும் மார்க் இது; அறுபதும் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு என்று பொருள். முடி அழுந்தி விழுந்திருந்தால் இன்னும் ஏறியிருக்கும். போகட்டும், தேயவில்லை. அது போதும்.

அந்தோணியின் காசு? நம்பரே இல்லை. 'சுத்தம் செய்யப்பட்டது' என்று மட்டும் போட்டிருந்தார்கள். மனிதர் கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் பல்பொடி போட்டுத் தேய்த்திருக்கிறார்! அத்தனை மெல்லிய கீறல்களையும் விட்டுவிட்டு, லென்ஸோடு நான் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழுங்கலாக ஒன்றைக் கண்டால் உடனே சந்தேகம் வருகிறது. பளபளவென்று ஒன்றைக் கண்டால் ஒரு கேள்விகூட வருவதில்லை. ஏன்?

பிலோமினா வீட்டில் லேபிள்களைப் பார்த்ததும், "சரி வுடு பிலோ... ஏதோ கோவத்துல..." என்று அந்தோணி இழுத்தார்.

"வூட்டுக்குள்ள வச்சு வேணாம்ணே. எங்க வச்சு சொன்னீங்களோ, அங்கியே வச்சு சொல்லுங்க."

ஞாயிறு பூசை முடிந்து, அதே வாசலில், அந்தோணி சட்டைப் பட்டனைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"கடைசியில நிக்கிற சித்திக்குக் கேக்கலண்ணே."

அவர் நிமிர்ந்தார். "அது அப்பா காசுதான். தங்கச்சி மேல தப்பு இல்ல." இம்முறை கேட்டது. குரல் உடைந்ததும் கேட்டது.

பிலோமினா தலையசைத்தார். நான் மெதுவாக நகரப் பார்த்தேன்.

"சார், எங்க போறீங்க? அண்ணன் சொல்லிட்டாரு. நீங்க பத்தியில எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க. தப்பா பாத்தது யாருன்னு உங்க பேரையும் போடணும்."

இந்தப் பத்தியின் மேலே என் பெயர் அச்சில் இருக்கிறது... நன்றாக அழுந்தியிருக்கும் என்று நம்புகிறேன்.