ஷகீலின் இருமலும் மசினகுடி மான்களும்

ஷகீல் இருமினால் மசினகுடி மான் மைசூரில் போய்த்தான் நிற்கும். மைசூர் கொஞ்சம் அதிகம்தான். அடுத்த புதர்வரை ஓடியதை நானே பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு ஷகீல் இருபது வருஷமாக, ஒரு ரிசார்ட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்களை ஜீப்பில் காடு காட்டக் கூட்டிப்போகிறவர். மிருகத்தைக் கண்டதும் இன்ஜினை அணைத்துவிட்டு மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருப்பதுதான் அந்தத் தொழிலில் பாதி. பிரஷருக்கு மாத்திரை ஆரம்பித்த ஒரே மாதத்தில் அவருக்கு வறட்டு இருமல் பிடித்தது. சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஜீப் நின்றால் போதும், வந்துவிடும்.

மனைவி அல்ஃபியா மிளகுக் கஷாயம், தேன், யூகலிப்டஸ் தைலம் என்று எல்லாம் பார்த்துவிட்டாள். டாக்டரிடம் சொல்லுங்கள் என்றால், பிரஷர் பார்க்கிறவரிடம் இருமலை எதற்குச் சொல்ல என்பார். இந்த மனுஷனை என்ன செய்வது? கடைசியில், இரண்டு நாள் காத்திருந்து கண்ட சிறுத்தை இருமலில் ஓடிவிட்டதென்று ஒரு குடும்பம் புகார் சொல்ல, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு டிரைவர்தான் என்று ரிசார்ட் மேனேஜர் ராஜசேகர் சொல்லிவிட்டார்.

மாத்திரைக்குப் பிறகுதானே இருமல் வந்தது, நிறுத்திப் பார் என்று யாரோ ஒரு புத்திசாலி சொல்லியிருக்கிறார். இவரும் நிறுத்தியேவிட்டார். இரண்டு வாரத்தில் இருமல் போயிற்று. மூன்றாம் வாரம், ஊட்டிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கல்லட்டி மலைப்பாதையில் போகும்போது தலை சுற்றிக் கண் மங்கியது. நல்லவேளை, வளைவுக்கு முன்பே ஓரங்கட்டிவிட்டார்.

பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"அந்த மாத்திரை சில பேருக்கு இருமல் கொண்டுவருமுங்க. வந்து சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேன். நீங்களா நிறுத்தலாமா?"

வேறு மாத்திரை எழுதினார். ஆரம்பத்தில் கிறுகிறுப்பு வரலாம், மெதுவாக எழ வேண்டும், தான் சொல்லும்வரை ஜீப்பைத் தொடக்கூடாது என்றார். இப்போது இருமலும் இல்லை, பிரஷரும் அடங்கியிருக்கிறது, ஜீப்பும் ஷகீல் கையில்தான்.

இதுவரை எழுதியதை அவர்கள் வீட்டிலேயே வாசித்துக் காட்டினேன். யார் பேச்சையோ கேட்டு உயிரை விடப் பார்த்தாரே என்று நான் அலுத்துக்கொண்டபோது, அல்ஃபியா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"யாரோ இல்லீங்க டீச்சரம்மா. எங்க வாசல்ல நின்னு நிறுத்தச் சொன்னது நீங்கதானுங்க."