மூடியின் மேல் எழுதிய ரகசியம்

என் சகலை லிஃப்ட் மெக்கானிக். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் முதலில் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்பார், டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரி. ஆளுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று கதைப் புத்தகம், இன்னொன்று வீடியோ கேம். சுடுகிற, காரில் பறக்கிற கேம் இல்லை. கதை உள்ள கேம். ஒரு தீவு, ஒரு கலங்கரை விளக்கம், ஏழு பேர், அதில் ஒருத்தன் திருடன், நீயே அலைந்து கண்டுபிடி என்கிற ரகம்.

பைத்தியம் இருந்தால் போதுமா, பேச ஆள் வேண்டாமா? என் கொழுந்தியாள் முதல் வருஷத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

"நான் கல்யாணம் பண்ணிக்கிட்டது உங்களை. உங்க தீவுல இருக்கற ஏழு பேரையும் சேர்த்து இல்ல."

அதற்கப்புறம் என் பட்டறைக்கு வர ஆரம்பித்தார். நான் கிரில் வெல்டர். கட்டிங் மெஷினைப் போட்டுவிட்டால் அவர் பேசுவதில் பாதிதான் காதில் விழும். அதனால்தான் தாங்கினேன்.

அந்தச் சமயத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிற கட்டிடத்தில் லிஃப்ட் மாட்டிக்கொண்டது. இவர் போய்ச் சரிசெய்தார். கருவிப் பையில் ஸ்பேனருக்குப் பக்கத்தில் இருந்த துப்பறியும் நாவலைக் கடைக்கார அம்மா பார்த்துவிட்டார். "இதையெல்லாம் யார்கிட்ட பேசுவீங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர் என் பேரைச் சொன்னாராம். அந்தம்மா பாவப்பட்டுப்போய், போனிலேயே கூடிக் கதை பேசுகிற ஒரு இடத்துக்கு வழி காட்டிவிட்டார். அதை என் சகலை பட்டறைக்கு வந்து எனக்கு விளக்கினார்.

"அண்ணே, இது ஒரே முதலாளி நடத்தற கம்பெனி இல்ல. சின்னச் சின்ன வீடு. ஒவ்வொரு வீட்டையும் யாரோ ஒருத்தர் சொந்தக் கம்ப்யூட்டர் வெச்சு நடத்தறாங்க. ஆனா ஒரு வீட்டுல எழுதுனா மத்த வீட்டுலயும் தெரியும்."

"அப்ப யாரு மேஸ்திரி?"

"அவங்கவங்க வீட்டுக்கு அவங்கவங்க. கட்டிடத்துக்குக் கட்டிடம் தனி மோட்டார் இல்லையா, அந்த மாதிரி. ஒண்ணு நின்னா அந்தக் கட்டிடம்தான் நிக்கும், ஊரே நிக்காது."

மோட்டார் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் மோட்டார் தெரியும்.

கண்ணாடிக்கடை அம்மாவும் அப்படி ஒரு வீடு வைத்திருந்தார். பவர் பார்க்கிற அறைக்குப் பின்னால், பிரேம் பெட்டிகளுக்கு நடுவில், பழைய கம்ப்யூட்டர் ஒன்று உறுமிக்கொண்டு கிடக்கும். அதுதான் வீடு. நாற்பத்து மூன்று பேர் குடியிருந்தார்கள். என் சகலைக்கு அங்கே பேர் 'பாதிமாடி'. நர்ஸ், தையல்காரர், மீன் கடைக்காரர் என்று ஏகப்பட்ட பேர், ஏகப்பட்ட ஊர். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு எல்லா வீடும் சேர்ந்து பேசும். வாரம் ஒரு அத்தியாயம். அந்தத் தீவு கேமில் மொத்தம் ஒன்பது. மனுஷன் முகமே மாறிப்போனது. என் பட்டறைக்கு வருவதைக்கூடக் குறைத்துக்கொண்டார். சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு மாதிரி இருந்தது.

அங்கே ஒரு கண்டிப்பான வழக்கம். முன்னாடியே ஆடி முடித்தவன் வாயைத் திறக்கக் கூடாது. எழுதியே ஆகவேண்டும் என்றால் மூடி போட்டு எழுத வேண்டும். மூடியைத் தட்டினால்தான் உள்ளே இருப்பது தெரியும். மூடியின் மேல், உள்ளே என்ன சமாச்சாரம் என்று ஒரு வரி எழுதலாம். ஊறுகாய் ஜாடியில் சீட்டு ஒட்டுகிற மாதிரி.

எல்லாரும் ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்தபோது, ஒரு கட்டிடத்தில் சாமான் வராமல் என் சகலைக்கு இரண்டு நாள் சும்மா உட்காருகிற வேலை. உட்கார்ந்த இடத்திலேயே ஒன்பதையும் ஆடி முடித்துவிட்டார். திருடனைப் பிடித்துவிட்டார். வயிறு வெடிக்கிற மாதிரி இருந்ததாம். மூன்று பக்கம் எழுதினார். ஒழுங்காக மூடியும் போட்டார். மூடிக்கு மேலே என்ன எழுதினார் தெரியுமா?

'இன்னார்தான் திருடன் என்பதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன்.'

இன்னார் என்று எழுதவில்லை, பேரையே எழுதினார். நான் இங்கே சொல்லமாட்டேன். உங்களில் யாராவது ஆடக்கூடும்.

அனுப்பிவிட்டு லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கிற குழியில் இறங்கிவிட்டார். அங்கே சிக்னல் கிடையாது. மூன்று மணி நேரம் கழித்து மேலே வந்தால் போனில் அறுபத்தொரு பதில். பாராட்டு என்று நினைத்துக்கொண்டு, சாவகாசமாக டீ வாங்கி, படியில் உட்கார்ந்து திறந்தாராம்.

மறுநாள் சனிக்கிழமை காலை பட்டறைக்கு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அழிச்சுட்டேன்ணே. அழிச்சா எல்லா வீட்டுலயும் அழிஞ்சிரும். ஆனா பெரிய வீடு ஒண்ணு இருக்கு, தொள்ளாயிரம் பேரு. நான் அழிச்ச நேரம் அவங்க மெஷினை நிறுத்தி ஃபேன்ல தூசி தட்டிட்டு இருந்திருக்காங்க. அங்க மட்டும் அப்படியே நிக்குது."

"நிக்கட்டுமே."

"நாளைக்கு மூணு மணிக்குள்ள அது அங்கேருந்து போகலைன்னா எங்க வீட்டுப் பக்கம் ஜன்னலை மூடிருவாங்களாம். நாப்பத்து மூணு பேரும் தனியா கிடக்கணும். கண்ணாடிக்கடை அம்மா சொல்லிட்டாங்க, அதுக்கு முன்னாடி உங்களை வெளிய அனுப்பிருவேன்னு."

சொல்லிவிட்டுக் கருவிப் பையைத் தரையில் போட்டார். கட்டிங் மெஷினை நிறுத்தினேன். இந்த ஆளை வெளியே அனுப்பினால் எங்கே வருவார்? இங்கேதான் வருவார். அந்தக் கவலை ஒரு பக்கம். ஆனால் அதற்காக மட்டும் நிறுத்தவில்லை.

"மன்னிப்புக் கேட்டீங்களா சகல?"

"எழுதி வெச்சிருக்கேன். நீங்க ஒரு தடவை பாத்துட்டா அனுப்பிருவேன்."

வாங்கிப் பார்த்தேன். மன்னிப்புக்கும் மூடி போட்டிருந்தார். மேலே ஒரு வரி: 'இன்னார்தான் திருடன் என்று உளறியதற்கு மன்னிப்பு.' மறுபடியும் அதே பேர்!

"யோவ்!" போனைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "மனுஷனாய்யா நீ? ஒருக்கா கொட்டுனது போதாதா?"

தலையில் கை வைத்துக்கொண்டு இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவருக்கும் வந்துவிட்டது.

"எழுத வேணாம். போன் போடுங்க. வாயால பேசுங்க."

பெரிய வீட்டை நடத்துகிறவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். போனைத் திருப்பிக் கொடுத்தேன்; அம்மாவிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"பாதிமாடியா? சொல்லுங்க" என்றார் வேன்காரர். குரல் கரகரப்பு.

"ஐயா, தப்பு என்னுதுதான். நீங்க கையால ஒரு தட்டு தட்டி அழிச்சிட்டீங்கன்னா..."

"அழிக்கணும்னா பாக்கணும். பாத்தா திருடன் யாருன்னு தெரிஞ்சிரும். நான் இன்னும் அஞ்சாவது அத்தியாயத்துல இருக்கேன். நேத்து சாயங்காலத்துலேருந்து அந்தப் பக்கமே போகாம கண்ணை மூடிட்டுத் திரியறேன்யா!"

"வேற யாராவது அழிக்கக் கூடாதா?"

"சாவி வெச்சிருக்கறது நாங்க மூணு பேரு. ஒருத்தரும் ஆடி முடிக்கல. நீ அழி, நீ அழின்னு நேத்துலேருந்து சண்டை."

எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்தேன்.

"ஏங்க, நான் இவரோட சகலை பேசறேன். ஏற்கெனவே ஆடி முடிச்ச ஆளு அழிச்சா என்ன? அவருக்குப் போக என்ன இருக்கு?"

"அப்படி யாரு இருக்கா?"

நான் என் சகலையைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்தார்.

"நான் இருக்கேன்ங்க" என்றார் மெதுவாக.

அந்தப் பக்கம் வேன்காரர் சிரித்த சிரிப்பில் போன் நடுங்கியது. "திருட்டுப்பயல் கையில சாவியா! சரி, பத்து நிமிஷம்."

சாவி என்றால் நிஜச் சாவி இல்லை, அழிக்கிற அதிகாரம். அதை வாங்கிக்கொண்டு என் வெல்டிங் மேஜையிலேயே உட்கார்ந்து உள்ளே போனார். தன்னுடையதை அழித்தார். அதற்குக் கீழே ஆறேழு பேர், 'ஐயோ, இன்னாரா?' என்று பேரோடு கதறியிருந்தார்கள். அதையும் அழித்தார். ஒரு நட்டை முடுக்குகிற நிதானம். சரியாக ஒன்பதாவது நிமிஷம், "சுத்தம்ங்க" என்றார்.

ஞாயிறு மூன்று மணிக்கு ஜன்னல் மூடவில்லை. சாவியையும் வேன்காரர் திருப்பி வாங்கவில்லை. "முடிச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். இனிமே எவன் மூடி மேல உளறினாலும் எங்க கண்ணுல படறதுக்கு முன்னாடி நீங்க பாத்துத் துடைங்க" என்று சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டு அம்மாவும் ஒரு சாவி கொடுத்துவிட்டார். இப்போது என் சகலை இரண்டு வீட்டுக்கும் மூடி மேஸ்திரி. லிஃப்ட் கதவில் காதை வைக்கிற அதே முகத்தோடு ஒவ்வொரு மூடியையும் படிக்கிறார்.

போன வாரம் நானும் கண்ணாடிக்கடை அம்மா வீட்டில் சேர்ந்தேன். உங்களைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள் என்று அம்மா கேட்டார். எழுதினேன்:

'வெல்டர். திருடன் யாருன்னு தெரியும். சொல்ல மாட்டேன்.'