எல்டனின் பென்சில் எழுத்து

டொலீடோ நகரத்தில் வெண்டல் ஹோர்வாத்தைத் தெரியாத காமிக்ஸ் பைத்தியம் கிடையாது. ஆனால் வெண்டல் தன் அறுபத்தோரு வயதுக்குள் ஒரு காமிக்ஸைக்கூட முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்ததில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சுருக்கம், கறை, மடிப்பு. சம்மிட் தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு சலவைக்கடையில் இருபத்திரண்டு வருடம் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டார். கடையை மூடினார்கள். ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து மனைவி நடீனின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பௌலிங் ஆட்டக் கூட்டாளி ராய்ஸ் டில்லட்சன் ஒரு பழைய காமிக்ஸைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான்.

"டேய் வெண்டல், ஆயிரம் சட்டைக் காலர பார்த்த கை உன்னோடது. இந்த மடிப்ப எடுத்துக் காட்டு பார்ப்போம்."

வெண்டல் எடுத்துக் காட்டினார். ஈரப்பதம் ஏற்றிய டப்பாவில் காகிதத்தை ஒருநாள் வைத்துப் பதமாக்கி, மெல்லிய தாள்களுக்கு நடுவே கிடத்தி, மிதமான சூட்டில் அழுத்தி, பாரம் ஏற்றி ஆறவிட்டார். அறுபது வருட மடிப்பு இருந்த இடம் தெரியாமல் போனது. அதன்பிறகு அவருடைய கார் ஷெட்டில் கார் நிற்கவில்லை. மதிப்பெண் போடும் கம்பெனிக்கு அனுப்புவதற்கு முன்னால் ஊரெல்லாம் வெண்டலிடம் வந்தது. அந்தக் கம்பெனி பத்துக்கு எத்தனை என்று ஒரு எண்ணைப் போட்டு, புத்தகத்தைக் கெட்டியான பிளாஸ்டிக்கில் அடைத்துத் திருப்பி அனுப்பும். அப்புறம் அதை யாரும் படிக்க முடியாது. படிப்பதற்கா வாங்குகிறார்கள்!

பழைய காமிக்ஸில் பென்சில் எழுத்து இருக்கும். புத்தகம் வந்த தேதியைப் பத்திரிகைக் கடைக்காரன் அட்டை மூலையில் கிறுக்கியிருப்பான். வாங்கிய பிள்ளை உள்ளே தன் பேரை எழுதியிருக்கும். பேர் இருந்தால் மதிப்பெண்ணில் அரை குறையும். வெண்டலிடம் மாவுபோலப் பிசைந்துகொள்ளும் சாம்பல்நிற ரப்பர் இருந்தது. அதை ஒற்றி ஒற்றி எடுப்பார். எழுத்து போய்விடும். பென்சிலை அழுத்தி எழுதியிருந்தால் அதன் பள்ளம் மட்டும் மிஞ்சும். சூட்டில் அழுத்தினால் அதுவும் போகும். சட்டையில் காப்பிக் கறை போனால் எப்படி மகிழ்வாரோ அப்படித்தான் இதற்கும் மகிழ்ந்தார். அது கறை இல்லை, ஒரு பிள்ளையின் பேர் என்று அவருக்கு உறைக்கவே இல்லை. பதினொரு வருடம் உறைக்கவில்லை.

ராய்ஸ் பிடிபட்டது மார்ச் மாதம். வயதானவர்களின் வீடு வீடாகப் போய் அவர்களிடமிருக்கும் பழைய காமிக்ஸுக்கு இலவசமாக மதிப்புச் சொல்வது அவனுடைய ஏற்பாடு. பேச்சில் தேன் வடியும். "பெட்டிய கொடுங்கம்மா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா பார்த்து எழுதித் தர்றேன்" என்பான். சொன்னபடி பெட்டியைத் திருப்பியும் கொடுத்துவிடுவான். ஆனால் நல்ல இதழ்கள் இருந்த பிளாஸ்டிக் உறைகளுக்குள் அதே அட்டையோடு பிற்காலத்தில் மறுபடி அச்சடித்த மலிவுப் பிரதி இருக்கும். ஒட்டிய உறையை யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தான். பிரித்துப் பார்க்கிற ஒருத்தர் இருந்தார். அவர்தான் லோர்னா டெவிட், எழுபத்திரண்டு வயது, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் காப்பீட்டுக்காரன் எதற்கும் மதிப்பு எழுதி வாங்கிவையுங்கள் என்று சொன்னதால் ராய்ஸை உள்ளே விட்டவர். அவர் வருடத்துக்கு ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரே ஒரு உறையைப் பிரிப்பார். இந்த முறை பிரித்தபோது உள்ளே வழவழப்பான புதுக் காகிதம் இருந்தது. அன்றைக்கே கோட்டை மாட்டிக்கொண்டு போலீஸுக்குப் போனார்.

ராய்ஸ் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கு அறையில் முந்நூற்றுச் சொச்சம் புத்தகங்கள் அகப்பட்டன. யாருடையது எது என்று பிரிப்பதற்குக் காகிதம் தெரிந்த ஆள் வேண்டும் என்று போலீஸ் தேடியது. ஊரே ஒரு பேரைச் சொன்னது. வழக்கை நடத்தும் அதிகாரி யோலண்டா ப்ரிஸ்கோ வெண்டலுக்குப் போன் போட்டாள்.

"எனக்குக் காமிக்ஸ்னா ஒரு எழவும் தெரியாது, மிஸ்டர் ஹோர்வாத். சொந்தக்காரங்க வந்து 'இதுதான் என்னோடது'ன்னு சொல்வாங்க. நிஜமான்னு நீங்க பார்த்துச் சொல்லணும். அவ்வளவுதான்."

"ராய்ஸுக்கு நான் வேலை செஞ்சு கொடுத்திருக்கேன், மேடம்."

"தெரியும். ஊருக்கே செஞ்சு கொடுத்திருக்கீங்க. காலைல ஒன்பது மணிக்கு வந்துடுங்க."

சாட்சிப் பொருள் அறையில் நீளமான மேஜையில் புத்தகங்கள் பரப்பியிருந்தன. வெண்டல் கதவருகே நின்று ஒரு பார்வை பார்த்தார். பாதிக்கு மேல் அவர் கைபட்டவை. இறந்தவர்கள் வீட்டு ஏலத்தில் எடுத்தது என்று சொல்லி ராய்ஸ் கொண்டுவந்து கொடுத்தவை. பின் அடித்த முதுகு நேராக, மூலை மழுங்காமல், பளிச்சென்று கிடந்தன.

காமிக்ஸ் சேர்ப்பவர்கள் தங்கள் புத்தகத்தைக் காயத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். ஒரு வாரம் முழுக்க அவர்கள் வந்தார்கள். "பதினாலாம் பக்கத்துல கூப்பனை வெட்டியிருக்கும், என் தம்பி பண்ணின வேலை" என்றார் ஒருவர். கூப்பன் வெட்டியிருந்தது, கொடுத்துவிட்டார்கள். முதுகில் அடித்த பின்களில் கீழே இருப்பது துருப்பிடித்திருக்கும் என்று சொன்னவருக்கும் கிடைத்தது. "தபால்ல வந்தது, நடுவுல நீளவாக்குல மடிப்பு இருக்கும்" என்றார் ஊன்றுகோலோடு வந்த ஒரு பெரியவர். மேஜையில் எதிலும் மடிப்பு இல்லை. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், கீழே வைத்தார். "இல்லீங்க, இதுல எதுவும் என்னோடது இல்ல" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். அவருடைய புத்தகம் மேஜையில்தான் இருந்தது. வெண்டலுக்குத் தெரியும். எது என்றுதான் தெரியவில்லை. மடிப்பு எடுத்த புத்தகம் ஒன்றா இரண்டா, எதையென்று நினைவு வைப்பது?

அவர் வாய் திறக்கவில்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கோழை. இந்த வேலை போனால் வேறு வேலை இல்லை. பேர் அழித்தவன் என்று தெரிந்தால் எவன் புத்தகம் கொடுப்பான்? சாயங்காலம் வீட்டுக்குப் போய் நடீன் வைத்த மீன் வறுவலைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஒரே புத்தகத்துக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். 'இரும்பு மாலுமி' என்ற தொடரின் நான்காம் இதழ். ஒருவர் பெரிஸ்பர்க்கிலிருந்து வந்த பல்மருத்துவர், அதை வாங்கியதற்கு அவரிடம் ரசீது இருந்தது. லோர்னா டெவிட்டிடம் ஒன்றும் இல்லை.

"முதல் பக்கத்துல, மேல, என் அண்ணன் எழுதியிருப்பான். பென்சில்ல" என்றார் லோர்னா.

ப்ரிஸ்கோ திருப்பிப் பார்த்தாள். வெறும் ஓரம். வெண்டலிடம் நீட்டினாள். அவர் சாய்த்துப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

"எழுத்து இல்லையே" என்றார். அது பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த அசிங்கம்.

லோர்னா வாதாடவில்லை. கைப்பையை மூடினார். "அப்போ என்னோடது எங்கேயோ போயிருச்சு" என்று மட்டும் சொன்னார். அவர் போனபிறகு ப்ரிஸ்கோ பெருமூச்சு விட்டாள். "திங்கட்கிழமை டாக்டருக்குக் கொடுத்துட வேண்டியதுதான். அவர்கிட்ட ரசீது இருக்கு. பாவம் அந்தம்மா, அவங்க வரலைன்னா இந்தக் கேஸே கிடையாது. அண்ணன் பதிமூணு வயசுல நம்ம மாமீ ஆத்துல, உறைஞ்சிருந்த பனிக்கட்டி உடைஞ்சு மூழ்கிப் போயிட்டானாம். அவன் பிறந்தநாள் அன்னிக்கு இத எடுத்துப் பார்ப்பாங்களாம்."

வெண்டல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. நடீன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"லோர்னான்னு ஒரு அம்மா வந்தாங்க."

நடீன் சற்று யோசித்தாள். "லோர்னாவா? போன வருஷம் கார் ஷெட்லேர்ந்து சிரிச்சுக்கிட்டே ஓடி வந்து எனக்கு ஒண்ணு படிச்சுக் காட்டினியே, அந்த லோர்னாவா?"

"அந்த லோர்னாதான்."

"அவங்க உயிரோட இருக்காங்களா?"

வெண்டல் தலையாட்டினார்.

"நான் அப்பவே கேட்டேன்ல, இதையா அழிக்கப்போறேன்னு? நீ என்ன சொன்ன? அரை மார்க் போயிடும்னு சொன்ன." நடீன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. நான் போய்ச் சொல்றதா, நீ சொல்றியா?"

திங்கட்கிழமை ப்ரிஸ்கோவின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு வெண்டல் சொன்னார். "அந்தம்மா உங்ககிட்ட புகார்ல எழுதிக் கொடுத்தத நான் பார்க்கல, மேடம். அதுல இப்படி இருக்கான்னு பாருங்க. 'இது எல்டனோடது. யாரும் தொடக் கூடாது. லோர்னா, உன்னைத்தான் சொல்றேன்.'"

ப்ரிஸ்கோ கோப்பைத் திறந்து விரல் வைத்துப் படித்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பிசகவில்லை.

"எப்படித் தெரியும்?"

"நான்தான் அழிச்சேன்."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. பேனாவை எடுத்து, "மேஜையில இருக்கறதுல வேற எதையெல்லாம் அழிச்சீங்க?" என்று கேட்டாள். வெண்டலுக்கு நினைவு இல்லை. இது ஒன்று சிரிப்பு வந்ததால் மனதில் நின்றது. மற்ற பேர்களெல்லாம் ரப்பரோடு போயின. முப்பத்தேழு புத்தகங்கள் கடைசிவரை யாருடையது என்று தெரியாமல் கோர்ட் ஏலத்துக்குப் போயின. நல்ல விலைக்குப் போனதாகக் கேள்வி. அவ்வளவு சுத்தமான புத்தகங்கள்!

அவர் மேல் வழக்கு இல்லை. ஆனால் வாக்குமூலம் வெளியே வந்தது. எல்லோரும் அவரிடம் கொடுத்து அழுத்தி வாங்கியவர்கள்தான், அழிக்கச் சொன்னவர்களும் அவர்கள்தான். இப்போது கடைக்குக் கடை அவர் பேரைச் சொல்லி உச்சுக் கொட்டினார்கள். கார் ஷெட்டுக்குப் புத்தகம் வருவது நின்றது. முன்பின் தெரியாதவர்கள் போன் செய்து, "என்னோடதுல என்ன எழுதியிருந்துச்சு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, போனை எடுப்பதை விட்டார்.

லோர்னா போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். நான்கு நாள் கழித்து வெண்டலைக் கூப்பிட்டார்; போனை நடீன் எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நான் இன்னும் பிரிக்கல. நீங்க வாங்க, அப்புறம் பிரிக்கலாம்."

சின்ன வீடு, ஆற்றிலிருந்து மூன்று தெரு தள்ளி. சமையலறை மேஜையில் காப்பி ஊற்றிவைத்தார், கேக் வெட்டிவைத்தார். திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்த வெண்டல் அந்தக் கேக்கைத் தட்டிலேயே வைத்திருந்தார்.

லோர்னா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உறையைப் பிரித்தார். முதல் பக்கத்தைத் திறந்தார். மேல் ஓரத்தில் விரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார்.

"இங்கதானே இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"அழுத்தி எழுதுவான், பென்சில் முனை உடையற மாதிரி. எனக்குக் கண்ணு மங்கினப்புறம் தடவித்தான் பார்ப்பேன். பள்ளம் பள்ளமா தெரியும்."

"அதையும் அமுக்கிட்டேன்மா."

"ஒண்ணுமே தெரியல." அவர் குரலில் குத்தல் இல்லை. "நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கீங்க."

வெண்டலுக்கு எழுந்து ஓடிவிடத் தோன்றியது. உட்கார்ந்தே இருந்தார்.

"அழிச்சா அது எங்க போகும்?" லோர்னா கேட்டார்.

"ரப்பர்ல ஒட்டிக்கும். ரப்பர் கறுத்துப்போனா..." வெண்டல் நிறுத்தினார்.

"கறுத்துப்போனா?"

"குப்பையில போட்டுருவேன்."

லோர்னா தலையாட்டினார். ஜன்னலுக்கு வெளியே குப்பை வண்டியோ என்னவோ உறுமிக்கொண்டு போனது.

"அவனுக்கு என்கூட ஒத்தே போகாது. நான் எதையும் விட்டுவைக்க மாட்டேன், எல்லாத்தையும் எடுத்துப் பார்ப்பேன். அவன் போட்டோல எல்லாம் எங்கேயோ பார்த்துக்கிட்டு நிக்கறான். என் பேரச் சொன்னது இது ஒண்ணுதான்." விரல் இன்னும் வெறும் ஓரத்தின் மேலேயே இருந்தது. "அத கடைசியா பார்த்தவர் நீங்க. நீங்க சொல்லுங்க."

"என்னம்மா சொல்லணும்?"

"அவன் எழுதினத. அப்படியே சொல்லுங்க."

வெண்டல் தொண்டையைச் செருமிக்கொண்டார். போன வருஷம் சிரித்துக்கொண்டே படித்த அதே வார்த்தைகள்.

"இது எல்டனோடது. யாரும் தொடக் கூடாது. லோர்னா, உன்னைத்தான் சொல்றேன்."

லோர்னா காகிதத்தின் மேலிருந்த விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.