அரை வாளி

வாளியின் உட்புறம் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டு நிற்கிறதா என்று அவள் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள். ஒரு விரற்கடை குறைந்திருந்தாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு தொட்டியடிக்குத் திரும்பிப் போய்விடுவாள். "குறைச்சும் வேணாம், கூட்டியும் வேணாம். கோடு போட்டாச்சுல்ல, கோட்டுக்கு ஊத்து" என்பாள், தொட்டிச் சாவி வைத்திருக்கும் காவலாளியிடம். ஒரு காருக்கு அரை வாளி. நகராட்சி உத்தரவு. மழை பொய்த்து இது இரண்டாவது வருடம். ரப்பர் குழாயைச் சுருட்டி அலுவலக அறையில் வைத்துப் பூட்டி எட்டு மாதம் ஆகிறது.

பழைய கார்களை வாங்கி விற்கும் அந்த இடத்தில் அவளுக்குப் பெயரும் அதுவேதான்: அரை வாளி அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது, குள்ளமான உருவம். காரின் கூரை நடுவே கை எட்டாது என்பதால் ஒரு மர முக்காலியைக் கையோடு இழுத்துக்கொண்டே திரிகிறாள். அது சிமெண்ட் தரையில் உராயும் சத்தம் கேட்டால், "அக்கா வர்றாங்க, அழுக்கெல்லாம் ஓடி ஒளிஞ்சுக்கோ" என்று மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். முக்காலியின் எந்தக் கால் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஈரத்துணியை எடுத்ததும் காரில் வைப்பவள் இல்லை அவள். சுவருக்கு வெள்ளையடிக்கிற அகலப் பிரஷ் ஒன்றால் மேலிருந்து கீழாகப் புழுதியை இறக்குவாள். அதை இறக்காமல் துணியைப் போட்டால் மணல் உராய்ந்து பெயின்ட்டில் பூனை பிறாண்டியது போலக் கோடு விழும். அதற்குப் பிறகுதான் தண்ணீர். தெளிந்திருக்கும்போதே கண்ணாடிகளுக்கு, அடுத்து கூரை, கதவுகள், குழம்பாகிப்போன மிச்சம் சக்கரங்களுக்கு. "கண்ணாடிதான் மூத்தது. சக்கரம் கடைக்குட்டி, மிச்சம் மீதி அதுக்குத்தான்" என்பாள். அதன் பிறகும் வாளியின் அடியில் சேறு கொஞ்சம் நிற்கும். அதை அலுவலக வாசலில் தெளித்துவிடுவாள். அரை மணி நேரமாவது புழுதி கிளம்பாது.

கார்கள் வரும் காரணமும் மாறிவிட்டது. முன்பு சின்ன வண்டியை விற்றுவிட்டுப் பெரிய வண்டி வாங்குபவர்கள் வந்தார்கள். இப்போது ஊரைக் காலி செய்பவர்கள் வருகிறார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்ப்பார்கள். சிலர் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. இருக்கை இடுக்குகளில் கைவிட்டுத் துழாவும்போது அவளுக்குத் தலைமுடிக் கிளிப், மருந்துச் சீட்டு, குழந்தையின் ஒற்றை ஷூ என்று ஏதாவது அகப்படும். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். "தேடிக்கிட்டு வருவாங்க" என்பாள். ஒருவரும் வந்ததில்லை.

அவளுக்கும் ஓர் அக்கா உண்டு. மூன்று தெரு தள்ளி வீடு. அம்மா போன பிறகு இவளுக்குத் தலை வாரிவிட்டதும், வாயாடி என்று தலையில் குட்டியதும் அந்த அக்காதான். மூன்று மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நடந்தது இதுதான். அந்த வாரம் தண்ணீர் லாரி வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கே தண்ணீர் இல்லை என்று விடுமுறை விட்டிருந்தார்கள். வீட்டில் மகள் காய்ச்சலில் அனலாகக் கிடந்தாள். இவள் குடத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே வழிமறித்தது போல நின்று அக்கா சொன்னாள்: "தொட்டி காஞ்சு கிடக்குடி. ஒரு சொட்டு இல்ல."

அப்போது வீட்டின் பக்கவாட்டுச் சந்திலிருந்து சளசளவென்று சத்தம் வந்தது. இவள் எட்டிப் பார்த்தாள். அக்காவின் மகன் நுரை பொங்க நீலக் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் முழு வாளித் தண்ணீர். சக்கரத்தடியிலிருந்து சாக்கடை வரைக்கும் ஈரம்.

"காய்ச்சக்காரப் பிள்ளைக்கு இல்லாத தண்ணி, காருக்கு மட்டும் எங்க இருந்துக்கா வந்துச்சு?"

அக்கா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். மகன் துணியைப் பிழிந்தபடி தரையைப் பார்த்தான். இவள் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவெல்லாம் பார்க்கட்டும் என்று நடுரோட்டில் நடந்து வீட்டுக்கு வந்தாள். எதிர்ப்பட்டவர்கள் கேட்க, கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். நாலு நாளில் மகளுக்குக் காய்ச்சல் விட்டது. இவளுக்கு மனம் ஆறவில்லை. அக்கா வீட்டுத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை அவள் முக்காலியை இழுத்துக்கொண்டு வந்தபோது, வரிசையின் கடைசியில் அந்த நீலக் கார் நின்றது.

வண்டி எண்ணைப் பார்த்தாள். பின்பக்கக் கதவில் அக்கா வீட்டு கேட்டில் இடித்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. வண்டி நிறமே தெரியாத அளவுக்குப் புழுதி. பின்னிருக்கையின் அடியில் காய்ந்த மண், சுருண்ட இலைகள், செடியின் பெயர் எழுதிய பிளாஸ்டிக் பட்டை ஒன்று. அக்காவின் மகன் செடி, கன்று விற்கிற தோட்டம் வைத்திருந்தவன்.

"தம்பி, இது எப்ப வந்துச்சு?" என்று முதலாளியைக் கேட்டாள். அவளைவிடப் பத்து வயது இளையவர் அவர்.

"நேத்து சாயங்காலம். குடும்பத்தோட ஊரை விட்டுப் போறாங்களாம். செடியெல்லாம் கருகிடுச்சுன்னு அந்தப் பையன் சொன்னான். பாவம்." அவர் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். "இதை நான் முன்னாடியே ஒரு தடவை போய்ப் பாத்திருக்கேன் அக்கா. மூணு மாசம் இருக்கும். ஸ்கூலுக்கெல்லாம் லீவு விட்டாங்களே, அந்த வாரம். மத்தியானம் வந்து பாக்குறேன், கழுவி வைங்கன்னு போன்ல சொன்னேன். சும்மா சொல்லக் கூடாது, கண்ணாடி மாதிரி வச்சிருந்தாங்க. அந்த அம்மா வேற, தொட்டியில இருந்த கடைசித் தண்ணியை வழிச்சு ஊத்திக் கழுவியிருக்கோம், பாத்து விலை போடுங்கன்னு கெஞ்சாத குறை. அன்னிக்கு விலை படியல."

அவள் கையிலிருந்த பிரஷ்ஷின் மயிரை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"தெரிஞ்சவங்களா அக்கா?"

"கூடப் பொறந்தவ."

"அட! அந்தப் பையன் ஒரு வார்த்தை சொல்லலையே. நீங்க இங்க வேலை பாக்குறது அவனுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

அவள் வாளியை அப்படியே வைத்துவிட்டு, பழைய டயர்கள் அடுக்கியிருக்கும் பின்பக்கத்துக்குப் போனாள். கைபேசிப் பட்டியலில் அக்காவின் எண் இன்னும் மேலேதான் இருந்தது. ரொம்ப நேரம் மணி அடித்தது.

"சொல்லுடி" என்றாள் அக்கா, நேற்றுத்தான் பேசி வைத்தவள் போல.

"எங்க இருக்கே?"

"பையனோட மாமியார் வீட்டு மாடியில. ஒரே ரூம்தான். ஆனா ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி வருதாம்."

"சொல்லாமலே போயிட்டியேக்கா."

"என்னத்தச் சொல்றது? குடத்தோட வந்தவள வெறுங்குடமா அனுப்பினவ நானு. போறப்ப மட்டும் உன் வாசல்ல வந்து நின்னா நல்லாவா இருக்கும்?"

"எங்க மொதலாளி இப்பத்தான் சொன்னாரு. அன்னிக்கு வண்டி பாக்க வந்தது அவருதானாம். நீ ஏங்க்கா வாயத் திறக்கல?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யாரோ குழாயை மூடினார்கள்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அவளுக்குப் பதில் தெரியும். நம்பியிருக்க மாட்டாள். தெருவில் எத்தனை பேரிடம் அந்தக் குடத்தைக் காட்டிப் பேசினோம் என்று நினைத்துப் பார்த்தாள். எண்ணிக்கை வரவில்லை. அதெல்லாம் அக்காவின் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தெருவென்றால் அதுதானே.

"பிள்ளைக்கு உடம்பு நல்லாயிடுச்சுல்ல?" என்றாள் அக்கா.

"நல்லாயிட்டா. உன் முட்டி எப்படி இருக்கு?"

"அது கிடக்குது. மாடிப்படிதான் ஏற முடியல." கொஞ்சம் நிறுத்தி, "வண்டி உன் கைக்கா வந்திருக்கு? ரொம்ப அழுக்கா இருக்குமே. கடைசியில கழுவ மனசே வரலடி. அப்படியே கொண்டுபோய் விட்டுட்டான்."

"நான் தொடச்சிடறேன்."

"உனக்கு எதுக்குடி அந்தச் சிரமம்?"

"என் பொழப்பே அதுதானேக்கா."

இருவருக்கும் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. "சரி, வைக்கிறேன். சார்ஜ் இல்ல" என்றாள் அக்கா. வா என்று அவளும் கூப்பிடவில்லை, வருகிறேன் என்று இவளும் சொல்லவில்லை.

அன்று அந்த ஒரு காருக்கு அவள் மதியம் வரை எடுத்துக்கொண்டாள். புழுதியை இறக்கி, கண்ணாடி துடைத்து, கூரை, கதவு, சக்கரம் எல்லாம் முடித்தாள். தரைவிரிப்பை உதறி, மண்ணையும் இலையையும் கூட்டி அள்ளினாள். உள்ளே ஒரு வீட்டின் வாடை இருந்தது. கதவுகளைத் திறந்து வைத்தாள், அதுவும் போய்விட்டது. வெயிலில் நீல நிறம் தெளிந்து நின்றது. மூன்று மணிக்கு ஒருவர் வண்டி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

முதலாளி அலுவலகத்திலிருந்து தலையை நீட்டினார். "அக்கா, முன்சீட்டு ஒண்ணு ரொம்பப் பின்னாடி தள்ளிக் கிடக்கு பாருங்க. முன்னாடி இழுத்து விடுங்க. வர்றவங்க பின்னாடி உக்கார இடமே இல்லைன்னு நெனச்சுக்குவாங்க."

ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை. முட்டியை மடக்க முடியாத ஒருத்தி நீட்டி உட்காருவதற்காகக் கடைசி வரைக்கும் தள்ளியிருந்தது.

"சரி தம்பி" என்றாள்.

குனிந்து, இருக்கையை நகர்த்த அதன் அடியிலிருந்த இரும்புக் கம்பியைப் பிடித்தாள். இழுக்கவில்லை. பிறகு கையை எடுத்துவிட்டு, பின்பக்கக் கதவைத் திறந்து, அந்த இருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் நடுவில் கிடந்த கையகல இடத்தில் முழங்கால்களைச் சாய்த்து மடக்கி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.