புகையிலைத் தறையில் ஆடாதோடை

அன்புடையீர்,

எங்கள் அக்கா சிவபதம் அடைந்து ஓராண்டு நிறைகிறது. உரும்பிராயில் தோட்டக்காரர் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். அம்மா என்னைப் பெற்ற கையோடு கண்மூடியதால் என்னை வளர்த்தவரும் அவரே.

அத்தான் மலாயாவில் ரயில் உத்தியோகம் பார்த்தவர். கலியாணமாகிச் சில வருடங்களில் நெஞ்சு நோயோடு திரும்பி வந்தார். பட்டணத்து டாக்குத்தர் சயரோகம் என்றார். மருந்தில்லை என்றும் சொல்லிவிட்டார். ஊர்ப் பரியாரியார்தான் ஆடாதோடை இலையை அவித்துத் தேன் விட்டுக் கொடுக்கச் சொன்னார். நோய் மாறாது, இருமல் தணியும் என்றார்.

வேலியில் நின்ற ஆடாதோடை பூவரச நிழலில் மெலிந்து கிடந்தது. அக்கா தமக்குச் சீதனமாக வந்த தோட்டத் தறையில், நாள் முழுவதும் வெயில் விழும் இடத்தில், புகையிலையை விட்டுவிட்டு ஆடாதோடைத் தடிகளை ஊன்றினார். தகப்பனாரான எங்கள் ஐயாவுக்குப் பொறுக்கவில்லை.

“பொயிலைத் தறையிலை வேலிச்செடியே நடுறாய், பிள்ளை?”

“ஓம் ஐயா. இவருக்கு வருசம் முழுக்க இலை வேணும்.”

“பிறகு என்னத்தைத் தின்னப்போறியள்?”

அக்கா அயல் தோட்டங்களில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கப் போனார்.

முதற் கோடையில் பாதித் தடிகள் கருகின. காவோலையால் மறைப்புக் கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் வார்த்து மிச்சத்தைக் காப்பாற்றினார். வேர் பிடித்தபின் அதே வெயிலில் செடி செழித்தது. பூத்து முடிந்ததும் முழங்காலளவில் வெட்டிவிடுவார். மழைக்கு மறுபடி தளிர்க்கும்.

அத்தான் டாக்குத்தர் சொன்ன காலத்தைத் தாண்டி இருந்து, ஒரு மாரியில் போனார். அடுத்த மாரியில் அவர்களின் ஒரே மகளும் இரத்தம் கக்கித் தாய் மடியில் போனாள்.

ஊரார் எங்கள் வளவுக்குள் கால் வைப்பதை விட்டனர். ஆனால் பிள்ளைகள் இருமினால் இலைக்கு வந்தார்கள்.

“பிள்ளை, இலையை வேலியிலை வைச்சிட்டு அங்காலை போ, நான் எடுக்கிறன்” என்று படலைக்கு வெளியே நின்று சொல்வார்கள். அக்கா வைத்துவிட்டு விலகி நிற்பார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“உவைக்கு ஏனக்கா குடுக்கிறியள்?”

“இருமிறது பிள்ளையள், தம்பி.”

உலக யுத்த காலத்தில் அக்காவையும் அதே நோய் பிடித்தது. என்னை அறைக்குள் விடமாட்டார். கசாயத்தைக் கதவடியில் வைத்துவிட்டு வருவேன். ஒருநாள் கோப்பை வைத்தபடியே இருந்தது.

“குடிக்கேல்லையோ அக்கா?”

“எனக்கு இனி உது கேக்காதடா. செடி பூத்துப்போச்சு, வெட்டிவிடு.”

வெட்டிவிட்டு வந்து கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். பதில் வரவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

கடைசிவரை வந்துபோன பரியாரியாருக்கும், உறவினர் தயங்கி நின்றபோது அக்காவைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்திய அடுத்த வளவு அம்மாவுக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த வண்டில்காரருக்கும் அவர் மகன்மாருக்கும் எம் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அன்று வர அஞ்சியவர்களுக்கும் இந்த நினைவு மலரை அனுப்புகிறோம். அஞ்சியது பிழையில்லை, அந்த நோய் எங்கள் வீட்டில் மூவரைக் கொண்டுபோனது.

தம்பி